அப்பாவின் கை

அப்பாவுக்கு பைபாஸ் செய்து மூன்று கிழமை. இன்று பின்னேரம் டச்பே கடற்கரையில் மெல்ல நடந்தார்.

சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் முகமும் கைகளும் ஊதிப்போய், மோதிரத் தழும்புகூடத் தெரியவில்லை. கிருமி தொற்றிவிட்டதோ என்று அம்மா அழுதார். வைத்தியர்தான் விளக்கினார். இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரம் இரத்தம் இதய நுரையீரல் இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடுகிறது. இரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். கிருமி வந்ததுபோல வெண்குருதிக் கலங்கள் சண்டைக்கு எழும்பிவிடும். உடம்பிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து உடம்பு வீங்கும். ஹெப்பாரின் என்ற மருந்து இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும், இந்த அழற்சியை முழுதாக அடக்காது. 1953இல் ஜோன் கிபன் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் இந்த இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றி கண்டார். இத்தனை வருடம் கழித்தும் இரத்தம் அதை ஏற்கவில்லை!

மூன்றாம் நாள் அப்பாவின் கைநரம்பு திரும்பத் தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.