நெற்றியை வெட்டுகிற ஆள்

சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ 1958இல் வந்த ஜாஸ் இசைத்தட்டு. பியானோ வாசித்தவர் அவர், தட்டு வந்ததும் அவர் பெயரில்தான். ஆனால் உறையில் அவர் முகம் கிடையாது. நியூயார்க் நடைபாதையில் ஹை ஹீல்ஸ் போட்ட ஒரு பெண் நடந்து போகிறாள். அதிலும் பாவாடை விளிம்புக்குக் கீழே உள்ள கால்கள் மட்டும்தான். அவை ரூத் மேசனுடைய கால்கள். இந்தத் தட்டை வெளியிட்ட புளூ நோட் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் லயனைப் பின்னாளில் மணந்துகொண்டவர். அமெரிக்காவில் அன்று பெரிதாக விற்காத இந்தத் தட்டை ஜப்பான் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கிளார்க் அதைப் பார்க்க இல்லை, 1963இல் 31 வயதிலேயே போய்விட்டார்.

நான் புத்தகங்களுக்கு ராப்பர் போடுகிறவன். “தம்பி, என் போட்டோவ இன்னும் கொஞ்சம் பெருசா வைங்களேன்” என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன். அதனால் புளூ நோட் உறைகளைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது ரசனை இல்லை, பொறாமை.

அந்த உறைகளில் பெரும்பாலானவை இரண்டு பேர் கைவண்ணம். ஒருவர் படம் எடுத்த பிரான்சிஸ் வுல்ஃப். பெர்லினில் பிறந்தவர், லயனுக்கு இளமைக்கால நண்பர். யூதர். 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் வந்து, லயன் அப்போதுதான் தொடங்கியிருந்த நிறுவனத்தில் சேர்ந்துகொண்டார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றோடும் சேர்த்து, ஒலிப்பதிவு நடக்கும்போது கேமராவும் கையுமாகச் சுற்றுவதும் அவர் வேலை.

ஒலிப்பதிவு என்றால் பெரிய ஸ்டூடியோவைக் கற்பனை செய்ய வேண்டாம். 1950களில் பெரும்பாலும் அது நியூஜெர்சியில், ஹாக்கன்சாக் என்ற ஊரில், ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறை. வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். 1959இல்தான் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். அந்த அறைக்குள் வுல்ஃப் ஃபிளாஷைக் கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு எடுப்பார். வெளிச்சம் முகத்திலும் கருவியிலும் விழும், பின்னால் எல்லாம் கருப்பாகிவிடும். சுவர், வயர், நாற்காலி எதுவும் தெரியாது. மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, அதனால் யாரும் போஸ் கொடுக்கவும் இல்லை. வாசித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்கிறவர்களின் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும், “இன்னொரு டேக் போகலாமா” என்பது மாதிரி. வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்களை இவ்வளவு நன்றாக எடுத்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

இன்னொருவர் ரீட் மைல்ஸ். வுல்ஃப் எடுத்த படங்களைக் கத்தரித்தவர்.

1956 வாக்கில் புளூ நோட் பத்து அங்குலத் தட்டிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. புது அளவுக்குப் புது உறைகள் வேண்டும், கையில் காசு குறைவு. ஒரு உறைக்கு மைல்ஸுக்குக் கிடைத்தது 50 டாலர். அச்சிடக் கிடைத்தது பல சமயம் ஒரு வண்ணம், மிஞ்சிப்போனால் இரண்டு. சரி, முழு வண்ணம் முடியாது என்றால் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஒரே நிறத்தைப் பூசிவிடலாம். ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ அப்படித்தான் நீலத்தில் மூழ்கிக் கிடக்கிறது. மீதி இடத்தை எழுத்தை வைத்தே நிரப்பலாம். பத்துப் பதினோரு வருஷத்தில் சுமார் 500 உறைகள். இன்று கஃபே சுவர்களிலும் டீஷர்ட்டுகளிலும் “ஜாஸ் தோற்றம்” என்று போட்டுவைத்திருப்பதில் பாதி அந்தப் பணத் தட்டுப்பாட்டில் பிறந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, மைல்ஸுக்கு ஜாஸ் பிடிக்காது. அவர் கேட்டது மேற்கத்திய செவ்வியல் இசை. அவருக்கு அனுப்பிவைத்த தட்டுகளை யாருக்காவது கொடுத்துவிடுவாராம். தலைப்பு என்ன, யார் வாசிக்கிறார்கள், எப்படிப்பட்ட இசை என்று லயன் சொல்வார். மைல்ஸ் அதை வைத்தே வேலையை முடிப்பார். அதனால்தான் தலைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு விளையாடுகிறார் என்று நினைக்கிறேன். ஜாக்கி மெக்லீனின் ‘இட்ஸ் டைம்!’ உறையில் ஆச்சரியக்குறியாகவே கொட்டிக் கிடக்கிறது, மெக்லீன் மேலே தபால்தலை அளவில் நிற்கிறார். ஜோ ஹெண்டர்சனின் ‘இன் அண்ட் அவுட்’டில் எழுத்துகளே அம்புக்குறி போட்டுக்கொண்டு உள்ளே வெளியே ஓடுகின்றன, ‘ஐ’ எழுத்தின் புள்ளிக்குள் அவர் முகம். லாரி யங்கின் ‘யூனிட்டி’யில் படமே கிடையாது. நான்கு பேர் வாசிக்கிறார்கள், நான்கு வட்டம், முடிந்தது. டொனால்ட் பேர்டின் ‘எ நியூ பெர்ஸ்பெக்டிவ்’ உறை முழுக்க ஒரு ஜாகுவார் காரின் முகப்பு. பாடுபட்டுத் தட்டு போட்ட மனுஷர் தூரத்தில் சின்னதாக நிற்கிறார். ஜாஸ் பக்தர் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தால் 500 உறையிலும் சாமி படம் மாட்டியிருப்பார்.

வுல்ஃபுக்கு இந்த வெட்டு வேலை பிடிக்கவில்லை. கலைஞனின் நெற்றி வழியாக மைல்ஸ் கத்தரி ஓட்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது. எரியாதா பின்னே? ராத்திரி கண்விழித்து எடுத்தவர் அவர். ஆனாலும் இந்தச் சண்டையில் நான் மைல்ஸ் கட்சிதான். நெற்றி போனதும் கண்ணும் வாயும் பார்ப்பவரின் முகத்துக்கு நேரே வந்துவிடுகின்றன. முழுத் தலையும் இருந்தால் அது பாஸ்போர்ட் படம்.

சில சமயம் மைல்ஸே கேமராவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லன்ச்’ அப்படி வந்தது. கடைக் கதவில் தொங்கும் “திரும்ப வருவோம்” அட்டை. அதிலிருக்கும் கடிகாரத்தில் ஏகப்பட்ட முட்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லவே முடியாது. 1964 பிப்ரவரியில் பதிவு செய்தார்கள். ஜூன் மாதம் பெர்லினில் டால்ஃபி இறந்துபோனார், வயது 36. தட்டு கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. யாரும் திட்டமிட்டதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உறையை வெறும் நகைச்சுவையாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வெட்டாமல் விட்டாலும் நிற்கும் உறை என்றால் ஹோரஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’. கேப் வெர்டி தீவிலிருந்து அமெரிக்கா வந்த அவர் அப்பா, தொப்பியும் சுருட்டுமாக உட்கார்ந்திருக்கிறார். மகன் உறையிலேயே இல்லை. என் வாடிக்கையாளர்கள் யாராவது இதைப் பார்த்தால் தேவலை.

ஒரு எச்சரிக்கை. இவற்றைப் போனில், பாட்டுச் செயலி காட்டும் கட்டைவிரல் நகம் அளவில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ‘யூனிட்டி’ அதிலும் தப்பித்துக்கொள்கிறது. ‘இன் அண்ட் அவுட்’டில் ஹெண்டர்சன் முகம் வெறும் புள்ளியாகிவிடும். முப்பது சென்டிமீட்டருக்குப் போட்டது, முப்பது சென்டிமீட்டரில் பாருங்கள். தட்டு கிடைக்காவிட்டால் கணினித் திரையில் பெரிதாக்கியாவது.