பால் மறந்து தூங்கினால் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

என் மகன் பிறக்கும்போது வலி நீண்டுகொண்டே போய், கடைசியில் வாக்குவம் (தலையில் பொருத்தி உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்துத்தான் எடுத்தார்கள். தலையின் ஒரு பக்கம் மெத்தென்று வீக்கம் இருந்தது. "உள்ளே ரத்தம் கட்டியிருக்கு, தானாக வற்றிடும். ஆனா அந்த ரத்தம் கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம், பார்த்துக்கங்க" என்று வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அக்கா சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அம்மா வீடு பள்ளத்தூரில். எங்களுக்கு ஒதுக்கிய உள்ளறையில் பகலிலும் வெளிச்சம் குறைவு. பல்பு வெளிச்சத்தில் மஞ்சளைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் காலையும் மாலையும் பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கிவந்து, நெற்றி, நெஞ்சு, பாதம் என்று விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பார்ப்பேன். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். ஒரு காலையில் உள்ளங்கால் வரை வந்துவிட்டது.

அதைவிடப் பதற வைத்தது அவன் தூக்கம். பாலுக்கு வீறிட்டு அழுதவன், பாதத்தைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை. இரண்டு முறை உறிஞ்சுவான், அப்புறம் வாய் தளர்ந்துவிடும். "சமத்தா தூங்குறான், காலை வெயில்ல காட்டு ஆத்தா, சரியாப் போயிரும்" என்றார்கள் ஆயா, என் பாட்டி. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சளுக்கு வெயில் வைத்தியம் இல்லை. உடனே காரைக்குடிக்குக் கிளம்பினோம்.

ரத்தத்தில் பிலிருபின், அதாவது மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் பொருள், மிக அதிகம். கண்ணை மூடிக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். பால் கொடுக்க மட்டும் வெளியே எடுத்தோம். அளவு இன்னும் ஏறியிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேட்காமல் போகலாம், வலிப்பு வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாதாம்.

கஷ்டப்பட்டுப் பிறந்த பிள்ளைகளிடம் வேறு எதைக் கவனிப்பது என்றும் கேட்டேன். அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு குழிவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது. கை கால் நடுங்கினால் மெல்லப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தும் துடிப்பு நிற்கவில்லை என்றால் வலிப்பாக இருக்கலாம். பசியில்லாமல் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பதும், கண் ஓரிடத்தில் நிலைகுத்துவதும்கூட வலிப்பாக இருக்கலாமாம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. வண்டி இல்லையென்றால் 108.

வீட்டுக்கு வருவதற்கு முன் காதுப் பரிசோதனை கேட்டு வாங்கிச் செய்தோம். நன்றாகவே கேட்கிறது. சில மாதங்கள் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.