9,500 ரூபா வயரும் பிரிண்டர் வயரும்: மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தது

போன மாசம் மச்சான் கொழும்பில இருந்து வரேக்க ஒரு யூஎஸ்பி வயர் கொண்டந்தவன். 9,500 ரூபாவாம், வெள்ளி முலாம், துணி சுத்தினது. இதைப் போட்டா பேஸ் இறங்கும், தவில் அப்பிடியே முன்னுக்கு வந்து நிக்கும் எண்டு அடிச்சுச் சொன்னான். என்ட டாக்குக்கு (லப்டொப்பில இருந்து வாற 0, 1 எல்லாத்தையும் ஸ்பீக்கருக்குப் போற சத்தமா மாத்திற பெட்டி) அதுவரைக்கும் போட்டிருந்தது பழைய பிரிண்டர் வயர். போட்ட உடனே எனக்கும் நல்லாத்தான் கேட்டுது, பொய் சொல்லேல்ல, ஆனா 9,500 ரூபா எண்டு தெரிஞ்சா காது கொஞ்சம் மரியாதையாத்தான் கேக்கும் போல.

அதால தங்கச்சிய இருத்தி, நான் மற்றப் பக்கம் திரும்பி நிக்க, காசு சுண்டிப் பாத்து வயர மாத்தச் சொன்னன். ஒரே மல்லாரி, 10 தரம். 4 தான் சரி. கண்ண மூடிக்கொண்டு சும்மா சொல்லியிருந்தாலே 5 வந்திருக்கும்.

பிறகு யோசிச்சா விளங்குது. சீடி தரத்துப் பாட்டுக்கு ஒரு செக்கனுக்கு 1.4 மெகாபிட் தான் வேணும், யூஎஸ்பி 2.0 தாங்கிறது 480. நேரக் கணக்கும் என்ட டாக் தன்ட சொந்த கிளாக்கில தான் ஓடுது, வயர்ல இல்ல. வயருக்குள்ள போறது 0வும் 1உம், ஒண்டில் சரியாப் போய்ச் சேரும் இல்லாட்டி பிழைக்கும், பேஸ மட்டும் பிடிச்சு வச்சுக்கொண்டு மிச்சத்த விட அதுக்குத் தெரியாது.

பிழைச்சா எப்பிடிக் கேக்கும் எண்டும் பாக்க ஆசை. விறாந்தையில காத்து வாங்கிக்கொண்டு கேப்பம் எண்டு பிரிண்டர் வயரோட ரெண்டு எக்ஸ்டென்ஷன் கொழுவினன், 7 மீட்டர் வந்திச்சு (யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர் தான் எல்லை), டிக் டிக் எண்டு வெட்டுது. எக்ஸ்டென்ஷனக் கழட்டியும் இடைக்கிட ஒரு டிக். பாத்தா வயர்ட வாயில பச்சை பிடிச்சிருக்கு, எங்கட வீடு டச்சுக் குடாப் பக்கம், உப்புக்காத்து கதவுப் பிணைச்சலையே விடாது, பிளக்க விடுமா. ஐசோபுரொப்பைல் அல்ககோலால வடிவாத் துடைச்சன், நிண்டிட்டுது. பாட்டு ஓடேக்க டேட்டாவில ஒரு துண்டு பழுதாப் போனா யூஎஸ்பி திருப்பி அனுப்பாது, அந்த இடம் வெட்டும், அவ்வளவு தான்.

பைல் கொப்பி பண்றது வேற கதை. அப்பாட பழைய கசட்டுகள் எல்லாம் மாத்தி வச்சிருக்கிற 42 ஜீபீய வெளி ஹார்ட் டிஸ்குக்கு ரெண்டு தரம் அனுப்பினன். டிஸ்கோட வந்த யூஎஸ்பி 3 வயர்ல 7 நிமிசத்துக்குள்ள முடிஞ்சுது. அதே சொக்கட்டின்ட ஒரு பக்கத்துக்கு பழைய போன் வயரும் பூரும், பூத்திப் பாத்தா 19 நிமிசம், ஏனெண்டா அது 2.0 வேகத்தில தான் ஓடும். ரெண்டு கொப்பியிலயும் எல்லாப் பைலுக்கும் எஸ்எச்ஏ 256 (பைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு நீளக் குறி) எடுத்து ஒப்பிட்டன், ஒரு எழுத்தும் மாறேல்ல. இதில துண்டு பழுதாப் போனா கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பும், அதால கூடாத வயர் எண்டா இழுபடும், இல்லாட்டி நடுவில கழண்டுபோச்சு எண்டு மெசேஜ் வரும். இன்னொரு போன் வயர்ல டிஸ்க் கிர் கிர் எண்டு சுத்தப் பாத்து நிண்டிட்டுது. உள்ளுக்க கம்பி மெல்லிசு, கரண்ட் காணாது. வயர் விசயத்தில நான் காசு குடுக்கிறதெண்டா உதுக்குத்தான் குடுப்பன்.

இன்னும் தீராதது ஒண்டு. லப்டொப்புக்கு சார்ஜர் குத்தினா ஸ்பீக்கர்ல ங்ங்ங் எண்டு ஒரு இரைச்சல், கழட்டினா போயிடும். மச்சான்ட வயரப் போட்டும் அதே இரைச்சல், அதே அளவு. எர்த் சுத்துப் பிரச்சினை போல (சார்ஜரும் ஸ்பீக்கரும் எர்த்தால தொடுபட்டு கரண்ட் சுத்தி வாறது), டேட்டாவோட ஒண்டும் இல்ல. யூஎஸ்பி ஐசொலேட்டர் (கரண்ட் தொடுப்ப வெட்டி டேட்டாவ மட்டும் விடுற சின்னப் பெட்டி) ஒண்டுக்குச் சொல்லி வச்சிருக்கிறன், அது வரும்வரைக்கும் பட்டரியில தான் கேக்கிறன், ரெண்டரை மணித்தியாலம் தாங்குது.

9,500 ரூபா வயர் இப்ப பிரிண்டர்ல கிடக்கு. மச்சானுக்குச் சொல்லேல்ல.