இல்லை என்று எழுதுவதற்கு முன்

அந்த ஆண் ஆம்பிபாடு 6 மில்லிமீட்டர் நீளம். தலையின் நுனியிலிருந்து வால்மடல் வரை, முதுகு வளைவை ஒட்டி அளந்தால் வரும் கணக்கு இது. புதிய இனம் என்று அறிவிப்பதற்காக அதன் உடலைக் கோட்டிலும் எழுத்திலும் கொண்டுவர எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் பாதியை ஒரே ஒரு சொல் தின்றுவிட்டது. அந்தச் சொல் 'இல்லை'.

ஆம்பிபாடு என்பது இறால், நண்டு இவற்றின் தூரத்துச் சொந்தம். ஆனால் இறாலைப்போல முதுகை மூடும் ஓடு கிடையாது. பக்கவாட்டில் அமுக்கிவிட்டதுபோல் ஒடுங்கிய உடல், தலையோடு ஒட்டிய கண்கள், கணுக்கணுவாகப் பிரிந்த முதுகு. கால்களில் சில முன்னோக்கியும் சில பின்னோக்கியும் மடங்கும். இரு விதக் கால் என்ற பொருளில்தான் கிரேக்கத்தில் இந்தப் பெயர் வைத்தார்கள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்டவை 10,000 இனங்களுக்கு மேல். கடற்பாசியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு உலுக்கினால் அடியில் துள்ளிக்கொண்டு கிடப்பவற்றில் பெரும்பங்கு இவைதான்.

எங்கள் விலங்கும் அப்படித்தான் கிடைத்தது. ஜனவரி மாதம், பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீர். பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எழுவார்கள். அவர்கள் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும். நான் அவர்களுக்குப் பின்னால் ஒரு கைவலையும் வாளியுமாக நின்றேன். அவர்களில் மூத்தவரை எல்லாரும்போல நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கட்டக்கோரைக் கொத்து ஒன்றை நான் உதறுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்படி உதறினா வராது. எலையச் சுருட்டி உள்ள படுத்திருக்கும், பிரிச்சுப் பாரு" என்றார். பிரித்தேன். இலையின் இரு ஓரமும் சிலந்தி இழைபோன்ற ஒன்றால் ஒட்டப்பட்டு ஒரு சின்னக் குழலாக இருந்தது. உள்ளே பச்சை நிறத்தில், சாம்பல் புள்ளிகளோடு, அது.

அந்த இழை அதன் கால்களிலிருந்து வருகிறது. மூன்றாம், நான்காம் கால்களின் அகன்ற அடிக்கணுவுக்குள் சுரப்பிகள் இருக்கின்றன, நக நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகப் பசை வெளியே வரும். நடக்கிற காலாலேயே நூல் நூற்கிற உயிர். பத்து வருடமாக இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அந்த அடிக்கணுவை உருப்பெருக்கியில் பார்க்கும்போது மனசு ஒரு நொடி நின்றுதான் போகிறது.

பச்சை நிறம் சாராயத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்து, நிறத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும். டிஎன்ஏ எடுக்கப் போகும் மாதிரிகள் 95 சதவீத எத்தனாலுக்குள் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டால் அந்த வேலைக்கு ஆகாது. சரி, இதெல்லாம் எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான்.

உடலை எழுதுவதற்கு முதலில் உடலைப் பிரிக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின், அதற்குள் விலங்கு. மரக்குச்சியில் பொருத்திய இரண்டு டங்ஸ்டன் ஊசிகள். இடது பக்கத்துக் கால்களை மட்டும் ஒவ்வொன்றாக அடியோடு எடுப்போம், வலது பக்கத்தைத் தொடமாட்டோம். இரண்டு ஜோடி உணர்கொம்புகள், வாயைச் சுற்றி மேலுதடு, தாடைகள், கீழுதடு, இரண்டு ஜோடித் துணைத்தாடைகள், தாடைக்கால், அப்புறம் இரண்டு ஜோடிப் பற்றுக்கால்கள், ஐந்து ஜோடி நடைகால்கள், மூன்று ஜோடி நீச்சல்கால்கள், மூன்று ஜோடி வால்கால்கள், கடைசியில் வால்மடல். இவை ஒவ்வொன்றும் தனித் தகட்டில், தனி எண்ணோடு இருக்க வேண்டும்.

தாடை மட்டும் விதிவிலக்கு. இடது தாடையும் வலது தாடையும் ஒன்றுபோல இருக்காது. வெட்டும் பல்லுக்குப் பக்கத்தில் அசையக்கூடிய ஒரு சிறு தட்டு உண்டு. இடதில் அது அகலமாக, பல் வரிசையோடு இருக்கும், வலதில் வேறு வடிவம். ஆகவே இரண்டையும் எடுத்து வரைய வேண்டும். நான் இடதை எடுத்தேன். வலதை எடுக்கும்போது ஊசி நுனி நழுவியது. அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய அந்தத் துண்டு எங்கே தெறித்தது என்று இன்றுவரை தெரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசையை, ஊசியை, என் விரல் நுனியை, கிளிசரின் சொட்டை உருப்பெருக்கியின் கீழே இரவு ஒன்பது மணிவரை தேடினேன். ஹோலோடைப்பாக, அதாவது இனத்தின் பெயரைத் தாங்கும் மாதிரியாக, வைக்க நினைத்திருந்த ஆண் அது. பிறகு அதே கொத்தில் கிடைத்த இன்னொரு ஆணின் வலது தாடையை எடுத்து வரைந்தோம். விவரிப்பில் 'வலது தாடை, பாராடைப்பிலிருந்து' என்று எழுதினோம். பாராடைப் என்பது ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிப்பிடும் துணை மாதிரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியவராதுதான். ஆனால் எந்தத் துண்டு எந்த உடலிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாத விவரிப்பை நான் நம்பமாட்டேன். என்னுடையதை மட்டும் பிறர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

வரைவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, இத்தனை நல்ல கேமரா இருக்கும்போது ஏன் இன்னும் பென்சிலால் வரைகிறீர்கள் என்பது. உருப்பெருக்கியில் ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய தளம்தான் தெளிவாகத் தெரியும். ஒரு காலின் மேல்முகத்து மயிர் தெரிந்தால் கீழ்முகத்து மயிர் மங்கிவிடும். திருகைச் சுற்றிச் சுற்றி, மேலும் கீழுமாகப் பார்த்து, வரைகுழாய் வழியாகக் காகிதத்தில் விழும் உருவத்தின்மேல் கோடு இழுத்தால்தான் முழுக்காலும் ஒரே படத்தில் வரும். அதைவிட முக்கியம், வரைகிறவர் ஒவ்வொரு மயிரிடமும் நின்றாக வேண்டும். இது மூட்டிலிருந்து முளைக்கிறதா, ஓரத்திலிருந்தா? வழவழப்பா, இறகுபோலவா? முள்ளா, மயிரா? படம் எடுக்கும்போது இந்தக் கேள்விகள் எதுவும் வராது. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கோல்மன் 2003-ல் கணினியில் மை இடும் முறையை விளக்கி எழுதிய பிறகு, எங்களில் பலர் ராட்ரிங் மைப்பேனாவை விட்டு டேப்லெட்டுக்கு மாறிவிட்டோம். பென்சில் மட்டும் மாறவில்லை.

இனி அந்த 'இல்லை'.

இந்த விலங்கு ஆம்பித்தோய்டே குடும்பம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இல்லை. மூன்றாம் வால்காலின் வெளிக்கிளையில் கொக்கிபோல வளைந்த தடித்த முட்கள் இருந்தன, கீழுதட்டின் வெளிமடலில் பள்ளம் இருந்தது, வால்மடல் பிளவுபடாமல் சதைப்பற்றாக இருந்தது. எல்லாம் பொருந்தியது. கேள்வி, எந்தப் பேரினம் என்பது. ஆம்பித்தோய் என்ற பேரினத்துக்கும் சைமதூசா என்ற பேரினத்துக்கும் நடுவே முதலில் பார்க்கும் வேறுபாடு, முதல் உணர்கொம்பின் தண்டு முடிந்து சாட்டைபோல நீளும் பகுதி தொடங்கும் இடத்தில் முளைக்கும் துணைச்சாட்டை. சைமதூசாவில் அது உண்டு, ஆம்பித்தோயில் கிடையாது. உண்டு என்றாலும் அது ஒரு கணுவோ இரண்டு கணுவோ உள்ள மொட்டு, அவ்வளவுதான்.

நான் தகட்டைப் பார்த்தேன். மொட்டு தெரியவில்லை. நோட்டில் 'துணைச்சாட்டை இல்லை' என்று எழுதினேன். அடுத்த ஐந்து மாதம் ஆம்பித்தோய் இனங்களின் விவரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டேன். ஹெர்ட்மன் 1902-ல் இலங்கையின் முத்துச் சலாபங்களில் சேகரித்தவற்றை வாக்கர் 1904-ல் விவரித்த அறிக்கை, சென்னைக் கடற்கரையின் ஆம்பிபாடுகளைப் பற்றி நாகப்பன் நாயர் 1959-ல் அரசு அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்த தொகுப்பு, இப்படி எங்கள் கடலைப் பற்றி எழுதப்பட்டவை அனைத்தும். எதுவும் ஒத்துவரவில்லை. ஒத்துவராததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. புதியது என்பது இன்னும் உறுதியாகிறது என்று நினைத்தேன்.

வரைவை எங்கள் மூத்த ஆய்வாளரிடம் கொடுத்தேன். அவர் 'இல்லை' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, "எத்தனை விலங்குல பார்த்தீங்க? எந்த முகத்தைப் பார்த்தீங்க?" என்று கேட்டார். மூன்று விலங்கு. மூன்றிலும் உணர்கொம்பு வெளிமுகம் மேலே தெரியும்படி படுத்திருந்தது. துணைச்சாட்டை முளைப்பது உள்முகத்தில்.

தகட்டைச் சூடாக்கி, மூடிய கண்ணாடியை எடுத்து, உணர்கொம்பைப் புரட்டிப் போட்டு மறுபடி பார்த்தேன். இருந்தது. ஒரே ஒரு கணு, சாட்டையின் முதல் கணுவில் கால்வாசி நீளம்கூட இல்லை, நுனியில் இரண்டு மயிர். ஐந்து மாத ஒப்பீடு அந்த நிமிடத்தில் வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. பழைய குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடித்தும் எழுதவில்லை. கீழே தேதி போட்டுப் புதிய வரி எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் பழைய விவரிப்புகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். நூறு வருடத்துக்கு முந்தைய பல விவரிப்புகளில், அன்றைய வழக்கப்படி, பக்கத்து இனத்திலிருந்து பிரித்துக்காட்டத் தேவைப்பட்ட பாகங்களை மட்டும் எழுதியிருப்பார்கள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று நாம் தேடும் பாகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அவர் பார்த்து இல்லை என்று அறிந்தாரா, பார்க்கவே இல்லையா? மௌனத்திலிருந்து இரண்டையும் பிரிக்க வழி இல்லை.

இதில் என்னை மிகவும் பாதித்தது சவிஞ்யியின் கதை. நெப்போலியனின் படையோடு 1798-ல் எகிப்துக்குப் போன இளம் இயற்கையாளர். பூச்சிகள், இறால்கள் இவற்றின் வாயுறுப்புகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, தாடைகளும் அடிப்படையில் கால்களே என்று 1816-ல் காட்டியவர். சைமதூசா என்ற பேரினத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. எகிப்தில் சேகரித்த விலங்குகளை அற்புதமாக வரைந்தார். ஆனால் கண்நோய் முற்றி, வெளிச்சத்தையே தாங்க முடியாத நிலைக்குப் போனார். படங்களுக்கு விளக்கம் எழுத அவரால் முடியவில்லை. ஔதுவான் என்ற மற்றொருவர் அந்தப் படங்களை வைத்து விளக்கம் எழுதிப் பெயர் சூட்டினார், அது 1826-ல் வந்தது. ஆம்பித்தோய் ரமோந்தி என்ற பெயர் அப்படிப் பிறந்ததுதான். பிறகு வெப்பக் கடல்கள் பலவற்றிலும் இந்தப் பெயர் பதிவாயிற்று, எங்கள் கரையிலும் உண்டு. ஆனால் ஆம்பிபாடுகளுக்கு நீரில் மிதந்து திரியும் லார்வாப் பருவம் கிடையாது. தாய் தன் வயிற்றுப் பக்கத் தட்டுகளுக்கு இடையே முட்டைகளை வைத்துக் காக்கும், குஞ்சு தாயின் சிறு வடிவமாகவே வெளியே வரும். மிதக்கும் பாசியைப் பிடித்துக்கொண்டு தூரம் போகலாம், சரிதான். ஆனாலும் இத்தனை கடல்களிலும் இருப்பது ஒரே இனமா என்ற சந்தேகம் வந்தால், கடைசியில் அந்தப் படத்திடம்தான் போக வேண்டியிருக்கிறது. பார்த்த கண்ணும் எழுதிய கையும் வேறு வேறு ஆட்களுடையவை. சவிஞ்யி வரைந்ததை நாம் அறிவோம். அவர் பார்த்தும் வரையாமல் விட்டது எது என்று கேட்க யாரும் இல்லை.

ஆண்களின் இரண்டாம் பற்றுக்கால் இன்னொரு பாடம் நடத்தியது. முதலில் மாதிரிகளை 'அ', 'ஆ' என இரண்டு குப்பிகளாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் பற்றும் விளிம்பு சாய்வாக, வெறுமையாக இருந்தது. மற்றதில் நடுவே தெளிவான ஒரு பல். இரண்டு இனம் என்றே நம்பினேன். பிறகு 23 ஆண்களை நீள வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றின் பற்றுக்காலையும் வரைந்தபோது, பல் சிறுகச் சிறுக எழுவது தெரிந்தது. அது வயதுதான். பல முறை தோலுரித்து வளர வளர ஆணின் பற்றுக்கால் மாறிக்கொண்டே போகிறது, இளம் ஆணுடையது பெண்ணினுடையதைப் போலவே இருக்கிறது. ஆகவே 'பல் இல்லை' என்று எழுதினால் பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஆண் என்றும் எழுத வேண்டும்.

இப்போது எங்கள் வரைவில் 'இல்லை' என்ற சொல் பதினான்கு இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை விலங்கு, எந்தப் பால், என்ன நீளம், எந்த முகம் என்ற குறிப்பு இருக்கிறது. இதழ்கள் இவ்வளவு நீளத்தை விரும்புவதில்லை. துணைக்கோப்பாகப் போடச் சொல்கிறார்கள். உடல் விவரிப்பின் நடுவிலேயே இருக்கட்டும் என்று நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனத்தின் பெயரை இங்கே சொல்ல முடியாது. முறையான விவரிப்பு வெளிவருமுன் பெயர் அச்சேறினால், உடல் இல்லாத வெறும் பெயராக அது அலையும். பின்னால் வருகிறவருக்குக் குழப்பம். அக்காவிடம் மட்டும் வாய்மொழியாகச் சொன்னேன். பெயரைவிட அந்தப் படத்தைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். மூன்றாம் காலைக் காட்டி, "இதுலதான் நூல் விடுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும், பெயரைத் தாங்கும் மாதிரி எது, அது எங்கே வைக்கப்படும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதி. எங்கள் ஹோலோடைப் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குப் போகிறது. போன வாரம் அதன் சீட்டை எழுதினேன். தடித்த காகிதம், சாராயத்தில் கரையாத மை. இடம், தேதி, எந்தப் பாசி, எவ்வளவு ஆழம், ஆண், 6 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: இடப்பக்க உறுப்புகள் பிரிக்கப்பட்டுத் தகடுகளில், வலது தாடை தொலைந்தது, வலப்பக்கத்தில் மற்ற எதையும் தொடவில்லை. காகிதம் காய்ந்ததும் சுருட்டிக் குப்பிக்குள் விலங்கோடு சேர்த்துப் போட்டு மூடினேன்.