சேர்வராயன் மலையில் ஒரு பூண்டும் ஒரு மரமும்

ஏற்காடு பஸ் 14ஆவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. மேலிருந்து வந்த லாரி திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடமாவது ஆகும் என்று நடத்துநர் சொன்னதும் நானும் தோழியும் இறங்கிக்கொண்டோம். அவள் சேலத்தில் தாவரவியல் கற்பிப்பவள். இறங்கியவள் காட்சி பார்க்கப் போகவில்லை. தடுப்புச்சுவர் வெடிப்பில் ஒரு சாண் உயரத்துக்கு ஊதாப்பூவோடு நின்ற பூண்டின் அருகில் போய்க் குந்திவிட்டாள்.

எனக்கும் தெரிந்த பூண்டுதான், சீதேவி செங்கழுநீர். எங்கள் ஆயா நெய்ச்சட்டிக் கீரை என்பார். காய்ச்சல் என்றால் இதைத்தான் கஷாயம் வைப்பார். சேலத்தில் வாய்க்கால் ஓரம், மைதானத்து மூலை, காலி மனை என்று இது முளைக்காத இடம் கிடையாது. ஆனால் ஒருநாளும் நான் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

தோழி ஒரு பூவை நகத்தால் கீறி என் உள்ளங்கையில் வைத்தாள். பார்க்க ஒரு பூ, உள்ளே ஏறத்தாழ இருபது பூக்கள். சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் சூரியகாந்தியைச் சுற்றி நிற்கும் மஞ்சள் இதழ் வரிசை போல எதுவும் இதில் இல்லை. எல்லாமே நூல் பருமன் குழல்கள், வாயில் ஐந்து பிளவு. ஒவ்வொரு குழலிலிருந்தும் சூல்தண்டு வெளியே நீண்டு, நுனியில் இரண்டாகப் பிரிந்து, கிடாக்கொம்பு போல வெளிப்பக்கம் சுருண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மூச்சுக்காற்றில் அது அசைந்தது.

இந்தக் குழலும் கொம்பும்தான் எத்தனையோ செடிகளை ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டன என்றாள். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பூண்டைக் கோனைசா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியில், வைத்தார். 1698இல் அமெரிக்காவின் மேரிலாந்துக்குப் போய்ச் செடி சேகரித்த வில்லியம் வெர்னனின் நினைவாக 1791இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்ரேபர் வெர்னோனியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். அது வட அமெரிக்கச் செடிகளுக்கு வைத்த பெயர். பிறகு ஆப்பிரிக்கா, ஆசியா, பிரேசில் என எங்கே இந்தக் குழல்பூவைக் கண்டாலும், பூண்டோ புதரோ மரமோ, அதே பெயரில் சேர்த்தார்கள். நம் சீதேவி செங்கழுநீர் 1829இல் உள்ளே போனது. சிற்றினங்கள் ஆயிரம் அளவுக்குப் பெருகின.

பிரித்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தாவரவியலாளர் ஹரால்ட் ராபின்சன். மகரந்தத்தூளின் மேற்பரப்பு வேறு, குரோமோசோம் கணக்கும் வேறு. அமெரிக்க இனங்களுக்கு குரோமோசோம் அடிப்படை எண் 17, ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு 9 அல்லது 10. 1990இல் நம் பூண்டு சயந்திலியம் ஆனது. செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில் வாங்குகிற காட்டுச்சீரகமும் வெர்னோனியாவிலிருந்து வெளியேறி இன்று பக்கராய்டிஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. பழைய பெயரில் படித்தவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மேரிலாந்துச் செடிகளுக்கு வைத்த பெயரை நம் வாய்க்கால் ஓரத்துப் பூண்டு ஏன் சுமக்க வேண்டும்?

லாரி நகர்ந்தது. ஏற்காட்டில் இறங்கி, ஏரிக்கரைக் கூட்டத்தைத் தாண்டி, சேர்வராயன் கோயில் பாதையில் நடந்தோம். இருபுறமும் காபித் தோட்டம், நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. ஓரிடத்தில் தோழி நின்று கையைப் பிடித்தாள். தோட்டத்து ஓரச் சரிவில், பனிமூட்டத்துக்குள் ஒரு சிறு மரம். பூவில்லை. நானாக இருந்தால் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன்.

சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள் இதற்கு இந்த மலையின் பெயரையே வைத்தார்: வெர்னோனியா ஷெவராயென்சிஸ். இன்று மோனோசிஸ் பேரினம். வழியில் பார்த்த பூண்டும் இதுவும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் இருந்தவை என்பதை நம்பவே முடியவில்லை. பூண்டு ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை தானாகப் பரவியது. மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் போய், அங்கேயும் களையாக நிற்கிறது. மரமோ தமிழ்நாட்டைத் தாண்டி இயல்பாக எங்கும் வளர்வதில்லை. உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றோடு சேர்த்திருக்கிறார்கள். காபிக்காகக் காடு வெட்டப்பட்ட, பாக்சைட்டுக்காக உச்சி தோண்டப்பட்ட மலை இது. எஞ்சிய துண்டுகளில்தான் இதற்கு இடம்.

தோழி அடிமரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கன்று எதுவும் கண்ணில் படவில்லை. இடத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பூக்கும் பருவத்தில் மறுபடி வர வேண்டும் என்றாள்.

மாலையில் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது என் சால்வை ஓரத்தில் வெள்ளை மயிரோடு நாலைந்து விதைகள் ஒட்டியிருந்தன. பூண்டின் விதைகள்தான். தட்டிவிடுவதற்குள் ஜன்னல் காற்று அவற்றை எடுத்துக்கொண்டது.