கார் போய்விட்டது, பெயர் போகவில்லை

தேவகோட்டையில் இருக்கும் என் அயித்தான் வீட்டுக்குச் சென்ற ஆண்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து ஒரு சம்மன் வந்தது. வண்டியை ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர். வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் அயித்தான் இரண்டாம் எதிர்மனுதாரர். அந்தக் காரை அவர் விற்று அப்போது இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்ற அன்று புரோக்கர், “அண்ணே, இருபத்தொன்பதுலயும் முப்பதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துருங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்ல, வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பப்படாத அந்தப் பெயர் மாற்றப் படிவங்களில் அவர் கையெழுத்துப் போட்டு, சாவியையும் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுப் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு வண்டி மூன்று பேரிடம் கைமாறியிருக்கிறது, நடுவில் இன்சூரன்ஸும் முடிந்துபோயிருக்கிறது. ஆர்.சி.யில் இருந்த பெயர் மட்டும் கடைசிவரை மாறவேயில்லை.

வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி மேலும் எழுதுவது முறையாகாது. ஆனால், பழைய காரை விற்பவர்களும் வாங்குபவர்களும் தத்தம் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு வலுத்துவிட்டது. கல்யாணத்தில் கொடுக்கும் வெள்ளிக் குத்துவிளக்கிலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை முறைச்சிட்டையில் எழுதி வைக்கும் வழக்கமுள்ளது எங்கள் செட்டிநாட்டுப் பகுதி. கடைக்கணக்கை ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் ஆண்டை முடிக்காதவர்களின் பேரப்பிள்ளைகள், மூன்று லட்ச ரூபாய் வண்டியை வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது எனக்குக் கவலை தருகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் தெரிவிப்பதற்கான படிவம் 29, பெயர் மாற்றத்துக்கான படிவம் 30. ஆக, இருவருக்கும் தனித்தனியே கடமை உண்டு. ஒருவருடையதை மற்றவரோ புரோக்கரோ ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது மாறுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. 2007-இல் விற்கப்பட்டுப் பலரிடம் கைமாறிய ஒரு கார் 2009-இல் மோதி ஒரு குழந்தை இறந்துபோனது. யாருடைய பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்பது தீர்ப்பு. பாதிக்கப்பட்ட குடும்பம், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டிய நிலை வரக்கூடாது என்பது அதன் அடிப்படை. படித்தபோது, விற்றவர் மீது எனக்கு இரக்கம் வந்தது; ஆனாலும் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இதனால்தான், சில மாதங்களுக்கு முன் எங்கள் ஸ்விஃப்ட் காரைப் பொன்னமராவதியிலிருந்து வந்த ஓர் ஆசிரியருக்கு விற்றபோது, வெற்றுப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. வீட்டு முகப்பில் உட்கார்ந்து டெலிவரி நோட்டை இரண்டு பிரதிகள் எழுதினோம். வண்டி எண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், மீட்டரில் ஓடிய 68,412 கிலோமீட்டர், தொகை, தேதி ஆகியவற்றோடு, ஒப்படைத்த நேரம் காலை 11.40 என்பதையும் குறித்தோம். நேரத்தை எழுதுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அன்று காலை பத்து மணிக்கு வண்டி சிக்னலை மீறியிருந்தால் அது என் பொறுப்பு, மாலை நான்கு மணிக்கு மீறினால் அவருடையது என்பதை அந்த ஒரு வரிதான் காட்டும். இருவரும் கையெழுத்திட்டோம், இரண்டு சாட்சிகளும் போட்டார்கள். பணம் முழுவதும் வங்கிக் கணக்கு வழியாகவே வந்தது. டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை எடுத்தபோது, வெயிலில் வெளுத்த பரப்பின் நடுவே காசளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் புதிதாகத் தெரிந்தது.

டெலிவரி நோட் சாட்சியம்தான், பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. எனவே ஆன்லைன் விண்ணப்பத்தை அன்றே இருவரும் சேர்ந்து பதிவுசெய்தோம், புதிய ஆர்.சி.யின் படம் என் கைப்பேசிக்கு வரும்வரை வாரம் ஒருமுறை நானே விசாரித்தேன். ஃபாஸ்டேக்கை மூடினேன். நிலுவையில் இருந்த ஒரு இ-சலானைக் கட்டினேன். இன்சூரன்ஸில் சேர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியச் சலுகை, வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது என்பதால் அதற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது பயன்படும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் வாங்குபவர்தான் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். உரிமை மாறியதும் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157-ஆவது பிரிவு கருதுகிறது. ஆனால் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. பழைய பெயரில் பிரீமியம் கட்டிக்கொண்டே ஓட்டுபவர்கள் பலர். வண்டி நொறுங்கிய பிறகுதான் உண்மை தெரிகிறது.

குறைகளைச் சொல்வது பற்றியும் எழுத வேண்டும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, விற்பவருக்கு உரிமை இருப்பதும் அடமானம் எதுவும் இல்லாதிருப்பதும் எழுதாமலே அடங்கிய உறுதிகள். தரத்துக்கோ, வியாபாரியல்லாத தனிநபர் விற்கும்போது அப்படிப்பட்ட உறுதி பொதுவாக இல்லை, வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்டால் பொய் சொல்வதும், தெரிந்த பழுதை மறைக்க ஏதாவது செய்வதும் மோசடி; மீட்டரைக் குறைப்பது குற்றமே. கேட்காத குறையைச் சொல்லாமலிருப்பதைச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது, ஆனால் அதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கிளட்ச் தேய்ந்திருப்பதையும், இடப்பக்கப் பின்கதவு வாசல் தூணில் உரசி டிங்கரிங் செய்யப்பட்டதையும் நானே சொன்னேன். அதற்காக அவர் 12,000 ரூபாய் குறைத்தார். அந்தக் கதவின் கதை அவருக்குத் தெரியாமல் அவர் குடும்பம் அதில் ஏறுவதைவிட அந்தத் தொகை எனக்குப் பெரிதாகப்படவில்லை.

வாங்குபவரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய சென்னை வண்டி ஒன்றைக் காரைக்குடியில் ஒருவர் எனக்குக் காட்டினார்; இருக்கைகள் புத்தம்புதிதாக இருந்தன, ஆனால் சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தபோது கடைசி ஒரு முழம் சேறு படிந்த பழுப்பு நிறத்தில் இருந்தது. நம்பகமான மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்டுவது வாங்குபவருடைய செலவு, அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்காக வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முழுத்தொகையைக் கொடுக்கக் கூடாது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பூட்டிய பெரிய வீடுகளின் கொட்டகையில், அபூர்வமாகவே ஓட்டப்பட்ட கார்கள் நிற்கின்றன. உரிமையாளர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். மீட்டரில் 21,000 கிலோமீட்டர்தான். டயரின் பக்கவாட்டில் 2314 என்று இருந்தது, அதாவது 2014-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர், விரல் நகம் நுழையுமளவுக்கு வெடிப்பு. எலி ஒயரைக் கடித்திருந்தது. இவையெல்லாம் செலவில் தீர்ந்துவிடும். பெயர்தான் தீரவில்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் வாரிசு தம் பெயருக்கு மாற்ற வேண்டும். இங்கே ஆறு ஆண்டுகளாகியும் அது நடக்கவில்லை. அந்த வீட்டு ஆச்சி விற்கத் தயாராக இருந்தாலும், அவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார்கள். பினாங்கில் இருக்கும் மூத்த மகனின் சம்மதக் கடிதம் வர வேண்டும். வண்டி முதலில் ஆச்சியின் பெயருக்கு மாறட்டும், அதன் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். “அதுவரைக்கும் அட்வான்ஸ் ஒண்ணும் வேண்டாம்ப்பா” என்று ஆச்சியே சொல்லிவிட்டார். சாவி அவருடைய அலமாரியில் இருக்கிறது.