இந்த மரம் யாருது?

எனக்குப் பொழப்பே திட்ட அறிக்கை படிக்கிறதுதான். மானாவாரி விவசாயிகளுக்கு உதவுறோம்னு நாடு நாடா போடுற திட்டங்க, அதுக்கு வருஷக் கடைசியில வர்ற தடி தடியான அறிக்கைங்க, அதைப் படிச்சு சுருக்கிக் கொடுக்கணும். பத்து பக்கத்துக்கு ஒரு தடவையாவது "காலநிலை மாற்றத்தைத் தாங்கும் திறன்"னு வந்துடும். முன்னெல்லாம் கண்டுக்காம தாண்டிப் போயிடுவேன். இப்போ கொஞ்ச நாளா அதைப் பார்த்தாலே எரிச்சலா வருது, புகையை விட்டவன் எங்கயோ ஏசி ரூம்ல இருக்கான், தாங்கிக்கோன்னு சொல்றது மட்டும் வானத்தைப் பார்த்து விதைக்கிறவன்கிட்ட. சரி, அந்த சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

உலகத்துல இருக்கிற நிலத்துல சுமார் 40 சதவீதம் வறண்ட நிலம்தான், 200 கோடிக்கு மேல ஜனங்க அதுல இருக்காங்க. "மழை குறைஞ்சு போச்சு, அதான் பிரச்சனை"ன்னு நாம ஈஸியா சொல்லிடறோம். ஆனா நிறைய இடத்துல வருஷ மொத்த மழைக் கணக்கு பெருசா மாறியிருக்காது, அது வர்ற விதம்தான் மாறிப் போச்சு. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால பேய்ஞ்சா கொட்டோ கொட்டுன்னு கொட்டும், பேயாத நாள்ல அதே சூட்டுக் காத்து மண்ணுல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கிட்டு போயிடும். முப்பது நாள்ல வர வேண்டிய மழை மூணு நாள்ல வந்துட்டு ஓடிடுச்சுன்னா, மழைமானி கணக்குல அது நல்ல வருஷம், செடியோட கணக்குல பஞ்சம்.

இதை படிச்சா புரியல எனக்கு. வீட்டுப் பின்னாடி கொஞ்சம் மண் இருக்கு, அதுல ரெண்டு இடத்துல தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஒண்ணு மொட்டை மண், வெயில்ல காஞ்சு மேல பொருக்குத் தட்டிப் போய் கிடந்தது. இன்னொண்ணுல சருகு, காஞ்ச புல்லுன்னு ரெண்டு மாசமா மூடாக்கு போட்டு வச்சிருந்தேன். ரெண்டுலயும் பூவாளியில ஒரே அளவு தண்ணி. மொட்டை மண்ணுல விழுந்த தண்ணி மொதல்ல புழுதியை நுரை மாதிரி தூக்குச்சு, அப்புறம் பழுப்பு கலர்ல சுவரோரமா ஓடியே போச்சு. அரை மணி நேரம் கழிச்சு குச்சியால நோண்டிப் பார்த்தா ஒரு விரல் கணு ஆழம் கூட நனையல, கீழ அப்படியே புழுதி. மூடாக்கு போட்ட இடத்துல முழு விரலையும் விட்டேன், நுனி வரைக்கும் சில்லுன்னு இருந்துச்சு. அதே பூவாளி, அதே தண்ணி!

இதை எனக்கு முன்னாடி ரொம்ப பெருசா செஞ்சு காட்டின ஒருத்தர் இருக்காரு. யாக்கூபா சவடோகோ, மேற்கு ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோ நாட்டோட வடக்குல யாதெங்காங்கிற பகுதிக்காரர். 1970கள்லயும் 80கள்லயும், சஹாரா பாலைவனத்துக்குத் தெக்கே ஓடுற சாஹேல்ங்கிற வறண்ட பட்டை பூரா பஞ்சம், ஊர் ஊரா ஜனங்க கிளம்பிப் போறாங்க, இவரு மட்டும் பாறை மாதிரி இறுகிப் போன நிலத்துல உக்காந்து குழி வெட்டிக்கிட்டு இருந்திருக்காரு. "ஸாய்"னு பேரு அந்தக் குழிக்கு. ஒரு சாணுக்கு கொஞ்சம் கூடுதலா அகலம், அரையடிக்கு முன்ன பின்ன ஆழம். குழி வெட்டுறது அந்த ஊர்ல பழைய பழக்கம்தான், இவரு அதை இன்னும் கொஞ்சம் பெருசாக்கி, மழை வர்றதுக்கு முன்னாடியே கோடையிலேயே வெட்டி, உள்ள எருவைப் போட்டாரு. கோடையில எவனாவது நிலத்துல வேலை செய்வானா, பைத்தியம்னுதான் ஊர்ல பேச்சு. ஆனா எருவைத் தேடி கரையான் வந்துச்சு, கரையான் நோண்டின பொந்து வழியா தண்ணி கீழ இறங்குச்சு, காசு கொடுக்காம கிடைச்ச உழவு! எருவுல கிடந்த மர விதையெல்லாம் கம்பு சோளத்தோட சேர்ந்து முளைச்சிருக்கு, அதையும் புடுங்காம விட்டாரு, கடைசியில அது காடாவே ஆயிடுச்சு. 1984-ல இருந்து தன் நிலத்துலயே சந்தை மாதிரி நாள் குறிச்சு மத்த ஊர்க்காரங்களை வரவழைச்சு விதை மாத்திக்கிறது, குழி வெட்டக் கத்துக் கொடுக்கிறதுன்னு நடத்தியிருக்காரு.

அதே யாதெங்காவுல 1979-ல ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனம் ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. மரம் வளர்க்கத்தான் வந்தாங்க. ஊர்க்காரங்களுக்கு மரத்தை விட மழைத் தண்ணியைத் தேக்கி தானியம் போடுறதுலதான் கண்ணு. நல்ல வேளையா திட்டக்காரங்க முரண்டு பிடிக்கல, அவங்க வழிக்குப் போனாங்க (இது எவ்வளவு அபூர்வம்னு அறிக்கை படிக்கிற எனக்குத்தான் தெரியும்). அங்க கல் வரப்பு கட்டுறதும் முன்னாடியே உண்டு, ஆனா நிலம் சரிவே தெரியாத அளவுக்கு சமமா இருக்கிறதால கண்ணளவுல கட்டினா மட்டம் தப்பிடும், தண்ணி தாழ்ந்த பக்கமா சேர்ந்து உடைச்சுக்கிட்டு போயிடும். அதுக்குத்தான் டியூப் லெவல். கொத்தனாருங்க வச்சிருப்பாங்களே அதேதான், தண்ணி நிரப்பின ஓஸ், ரெண்டு முனையிலயும் ஒரு குச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட ஓரிரு நாள்ல கத்துக்கிட்டு ஒரே மட்டத்துல கோடு போட்டு கல்லை அடுக்கிட்டாங்க. கல் வரப்பு தண்ணியை நிறுத்தாது, நடக்க வைக்கும். ஓடுற தண்ணி நடந்து போச்சுன்னா கூட வந்த வண்டலையும் இறக்கி வச்சுட்டுத்தான் போகும்.

இதெல்லாம் டெக்னிக், சொல்லிக் கொடுத்துடலாம். என்னை ரொம்ப யோசிக்க வச்சது பக்கத்து நாடு நைஜர்ல நடந்தது.

டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியக்காரர், மரடி பகுதியில வருஷக்கணக்கா மரக்கன்னு நட்டுக்கிட்டு இருந்தாரு, பெரும்பாலும் எல்லாம் செத்துப் போச்சு. 1983-ல ஒரு நாள் வண்டி நிறைய கன்னு ஏத்திக்கிட்டு போகும்போது, மணல்ல ஓட்டணும்னு டயர்ல காத்தை இறக்க வண்டியை நிறுத்தியிருக்காரு. அப்போ பக்கத்துல ஒரு புதர் கண்ணுல படுது, கிட்டப் போய் இலையைப் பார்த்தா அது புதரே இல்ல, வெட்டிப் போட்ட மரத்தோட கட்டையில இருந்து வந்த துளிர். நட வேண்டிய காடு முழுக்க காலுக்குக் கீழயே உயிரோட இருக்கு, இவரு வண்டியில கன்னு ஏத்திக்கிட்டு திரியுறாரு! அப்புறம் வேலை ரொம்ப சிம்பிள். ஒரு கட்டையில நிறைய துளிர் வரும், அதுல நேரா திடமா வர்றது நாலஞ்சை விட்டுட்டு மத்ததை அறுத்துடணும், விட்டதுலயும் கீழ்க் கிளையைக் கழிச்சுடணும், ஆடு மாடு வாய் வைக்காம பார்த்துக்கணும். வேர் ஏற்கனவே ஆழத்துல இருக்கு, தண்ணி ஊத்த வேண்டியதே இல்ல. அங்க காவோன்னு ஒரு மரம் இருக்கு, கேட்டா நம்ப மாட்டீங்க, மழைக்காலத்துல இலையை உதிர்த்துட்டு கோடையில தழைக்கும். பயிர் நிக்கும்போது நிழல் தட்டாது, மாடு பசியோட நிக்கும்போது காய் கொடுக்கும்.

சரி, இவ்வளவு சுலபமான விஷயத்தை விவசாயிங்க ஏன் முன்னாடியே செய்யல? அங்கதான் இருக்கு சூட்சுமம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துல இருந்தே மரமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். உன் நிலத்துல முளைச்சாலும் உன்னுது இல்ல, கிளையை வெட்டினா அபராதம். அப்போ அவன் துளிரைக் காப்பாத்தி என்ன பண்ணுவான், முளைக்கும்போதே கொத்தி எறிஞ்சுட்டா தொல்லை விட்டுச்சு. 80கள்ல அந்தக் கெடுபிடி தளர்ந்து, என் வயல்ல இருக்கிறது என் மரம்ங்கிற நினைப்பு வந்ததுக்கு அப்புறம்தான் இது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் பரவுச்சு. பிற்பாடு செயற்கைக்கோள் படம் வச்சுப் பார்த்து சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் திரும்பி வந்திருக்குன்னு கணக்குப் போட்டாங்க. கன்னு வாங்கின செலவு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல.

இதுக்கப்புறம் எந்தத் திட்டத்தைப் படிச்சாலும் இது யாருது, முடிவு யாரு கையிலன்னுதான் என் மனசு கேக்குது. வானிலைக் காப்பீட்டையே எடுத்துக்கோங்க. வயலுக்கு வந்து சேதத்தைப் பார்க்காம, மழைமானி ரீடிங் வச்சு காசு கொடுக்கிற முறை. ஐடியா நல்லாத்தான் இருக்கு, காசும் சீக்கிரம் வரும், ஆனா மழைமானி இருக்கிற ஊர்ல பேய்ஞ்சு உன் வயல்ல பேயலன்னா உனக்கு பைசா கிடையாது, நீ காஞ்ச பயிரைக் காட்டி அழுதாலும் கணக்குல அது நனைஞ்ச பயிர். அப்புறம் அடுத்த வருஷம் எவன் பிரீமியம் கட்டுவான்?

அதுக்கு நேர் எதிர் நைஜர்லயே இருக்கிற இன்னொரு ஏற்பாடு. அறுவடை நேரத்துல தானியத்துக்கு விலையே இருக்காது, ஆனா கடன்காரன் வாசல்ல நிப்பான், வித்தே ஆகணும். அதனால தானியத்தை விக்காம ஊர்க் கிடங்குல வச்சு, அதையே அடமானமா காட்டி கடன் வாங்குறாங்க. கிடங்குக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி விவசாயி சங்கத்துக்கிட்ட, இன்னொண்ணு கடன் கொடுத்தவங்ககிட்ட. ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் திறக்க முடியாது. சில மாசம் கழிச்சு விலை ஏறினதும் வித்து கடனை அடைச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கலாம். மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அடுத்த மழை பொய்ச்சா சமாளிக்கிறதுக்கு வீட்டுல காசு மிஞ்சுறது இப்படித்தான்.

சவடோகோ கதையோட மிச்சத்தையும் சொல்லிடறேன். 2018-ல அவருக்கும் ரினாடோவுக்கும் ஒரே வருஷத்துல, "மாற்று நோபல்"னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது கிடைச்சுது. அதுக்கு முன்னாடியே பக்கத்துல இருந்த வாஹிகூயா டவுன் பெருத்துக்கிட்டே வந்து அவரோட காடு வரைக்கும் வந்துடுச்சு, காட்டை மனை மனையா அளந்து வீடு கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. தான் வளர்த்த காட்டைக் காப்பாத்த அவரே காசு திரட்டி வாங்க வேண்டிய நிலைமை. 2023-ல போய்ச் சேர்ந்துட்டாரு மனுஷன்.

இப்போ மேசையில ஒரு புது அறிக்கை கிடக்கு. எத்தனை கன்னு நட்டாங்கன்னு நாலு பக்கத்துக்கு டேபிள் போட்டிருக்காங்க. நிலம் யார் பேர்ல இருக்கு, மரம் வளர்ந்தா கிளையை யாரு வெட்டலாம்னு தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு வரி கூட இல்ல. ஓரத்துல பென்சில்ல கேட்டு எழுதி திருப்பி அனுப்பப் போறேன்.